சிதம்பரமா, மதுரையா?

"உங்கள் வீட்டில் சிதம்பரமா, மதுரையா?" என்று புது மாப்பிள்ளையைக் கேலி செய்வது நம் நாட்டுக் கல்யாண வீடுகளில் தொன்றுதொட்ட வழக்கம். கேள்வியின் பொருளை நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சிதம்பரம் என்றால் நடராஜப் பெருமானின் ஆட்சி. மதுரை என்றால் மீனாட்சியின் ஆட்சி. "சிதம்பரம்" என்று மாப்பிள்ளை பதில் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? "மதுரை" என்று சொல்லிவிட்டாலோ, கூடம் அதிரும்படி சிரிக்கிறார்கள். மாப்பிள்ளையும் சிரித்துத்தான் தீர வேண்டும். இந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று சற்று ஆராய்ந்து பார்க்க விரும்புகிறோம்.

முதலில் மதுரையிலேயே நிலைமை என்ன? சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் மீனாட்சியம்மனுக்குப் பட்டாபிஷேகம் நடக்கிறது. செங்கோல் அம்மன் கைக்கு வருகிறது. ஆவணி மூலத் திருவிழாவில் சுந்தரேசுவரருக்குப் பட்டம் சூட்டியாகிறது. ஆக, சித்திரை முதல் ஆவணி வரை நாலு மாதம் அம்மன் ஆட்சி. பாக்கி எட்டு மாதம் சுவாமி ஆட்சி. பெண்ணரசுக்கு உதாரணமாகத் தமிழ்நாடு முழுவதும் எடுத்துக்காட்டும் ஊரிலேகூட, அம்மனுக்குக் கிடைத்திருப்பது மூன்றில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வேண்டியிருக்கும்.

திருவிளையாடற் புராணத்தின் கதையும் இதற்கு ஒத்ததே. மலயத்துவச பாண்டியன் புத்திரப் பேறு வேண்டி யாகம் செய்கிறான்; பெண் குழந்தை தோன்றுகிறது. தடாதகை என்று பெயரிட்டு, ஆண் பிள்ளைக்குரிய சகல வித்தைகளையும் கற்பித்து, முடியும் சூட்டுகிறார்கள். அவள் திக்விஜயம் செய்து எட்டுத் திசையும் வென்று கைலாசத்தின் வாயிலுக்கே போகிறாள். அங்கே சிவபெருமானைக் கண்டதும் அவளுடைய மூன்றாவது தனம் மறைகிறது. போர்க்களத்தில் நின்ற பெண் நாணித் தலை குனிகிறாள். பிறகு திருக்கல்யாணம். கல்யாணத்துக்குப் பின் சுந்தர பாண்டியன் என்ற திருநாமத்துடன் மதுரையை ஆள்கிறவர் சுவாமி! தெய்வத் தத்துவத்தில் இதற்கு ஆழ்ந்த பொருள் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கதை கேட்கும் ஜனங்கள் தத்துவத்தை விட்டுவிட்டுக் கதையையே பிடித்துக்கொள்கிறார்கள்.

புராணத்தைவிட வெளிப்படையாகப் பேசுவது அல்லி கதை. புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் 'அல்லி அரசாணி மாலை' ஒரு காலத்தில் பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்றது. வீட்டில் ஒருவர் வாசிக்க, அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அல்லி மதுரையை ஆண்ட ராணி. அவள் மந்திரிகள் பெண்கள், காவலர் பெண்கள், படையும் பெண்கள். அவள் வரி அதிகம் வாங்கினாள் என்றோ, குடிகளை வருத்தினாள் என்றோ கதையில் ஒரு குற்றச்சாட்டும் கிடையாது. அவள் செய்த ஒரே பிழை, ஆண் துணை வேண்டாம் என்று இருந்ததுதான். அர்ஜுனன் வருகிறான். பாரத யுத்தத்தில் நிகரற்ற அந்த வில் வீரன், இங்கே போரிட்டு ஜயிக்கவில்லை. கண்ணபிரானின் உதவியால் மாய உருவில் அந்தப்புரத்தில் புகுந்து, தூங்குகிற பெண்ணின் கழுத்தில் தாலியைக் கட்டிவிட்டு வெளியேறுகிறான். விழித்தெழுந்த அல்லி கோபங்கொண்டு படையெடுக்கிறாள், கடைசியில் அடங்குகிறாள். அவளுடைய பிள்ளைக்கும் தனியாக ஒரு 'மாலை' உண்டு. அர்ஜுனன் அடுத்தபடி தேடிப் போன பவளக்கொடிக்கும் உண்டு.

தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டுவதை இன்றைய நீதிமன்றத்தில் என்ன பெயரிட்டு அழைப்பார்கள் என்பதை வக்கீல் நண்பர்களிடம் விட்டுவிடுகிறோம். நமக்கு ஆச்சரியம் வேறு. இந்தக் கதையிலிருந்து தமிழ் மொழிக்குள் வந்து நிலைத்த சொல் எது? 'அர்ஜுன மோசடி' என்று ஒரு சொற்றொடர் வரவில்லை. 'அல்லி தர்பார்' என்பதுதான் வந்தது. பெண் தலைமை தாங்கும் வீடு, பெண் தலைமை ஆசிரியை உள்ள பள்ளிக்கூடம், பெண் அதிகாரி உள்ள காரியாலயம், எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பெயர். ஆண் அதிகாரியின் கெடுபிடிக்கு இப்படி ஒரு தனிப் பெயர் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. அதை 'கண்டிப்பு' என்கிறார்கள்.

கதைகள் போகட்டும், சரித்திரத்தில் உண்மையாகவே ஆண்ட பெண்ணின் கதி என்ன? ராணி மங்கம்மாளை எடுத்துக்கொள்வோம். மகன் இளமையில் இறந்த பின், கைக்குழந்தையாகிய பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்காக 1689 முதல் 1706 வரையில் மதுரை நாயக்க ராஜ்யத்தை நிர்வகித்தவள். வடக்கே ஔரங்கசீப்பின் படை, மேற்கே மைசூர், கிழக்கே தஞ்சை மராத்தியர், தெற்கே திருவிதாங்கூர் என நாலு பக்கமும் பகை சூழ்ந்த காலம் அது. மொகலாயருடன் சமாதானமும், திருவிதாங்கூர் மீதும் தஞ்சையின் மீதும் தளவாய் நரசப்பய்யரைக் கொண்டு படையெடுப்புமாக, எங்கே பணிவது, எங்கே அடிப்பது என்று அறிந்து ராஜ்யத்தைக் காப்பாற்றினாள். சாலைகள் போட்டாள், இருபுறமும் மரம் வைத்தாள், சத்திரங்கள் கட்டினாள். மதுரையில் ரயிலை விட்டு இறங்கினால் எதிரே மங்கம்மாள் சத்திரம். அவளுடைய தமுக்கம் அரண்மனைதான் 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகமாக விளங்குகிறது.

இவ்வளவும் இருக்க, ஜனங்கள் நாவில் நிற்பது வெற்றிலைக் கதை. ஒரு நாள் ஞாபகப் பிசகாய் இடது கையால் தாம்பூலம் போட்டுக்கொண்டுவிட்டாளாம். அந்தப் பாபத்துக்குப் பிராயச்சித்தமாகச் சாலை போட்டு மரம் நட்டாளாம். சேர சோழ பாண்டிய மன்னர்கள் குளம் வெட்டியதையும் சாலை போட்டதையும் பற்றி நாம் பேசும்போது, 'என்ன பாபம் செய்தானோ!' என்று யாராவது கேட்டதுண்டா? அரசன் சாலை போட்டால் ராஜ தந்திரம்; அரசி சாலை போட்டால் பிராயச்சித்தம்! இத்துடன் மந்திரி ஒருவனோடு சேர்த்து அவதூறு. பேரனே சிறையிலிட்டுப் பட்டினி போட்டுக் கொன்றான் என்ற முடிவு. இவற்றுக்கெல்லாம் செவிவழிக் கதையைத் தவிர வலுவான ஆதாரம் இல்லை. ஆயினும், வகுப்பில் மங்கம்மாளைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், நம் மாணவரில் பலர் தவறாமல் எழுதுவது வெற்றிலையைத்தான். திருவிதாங்கூர்ப் போரை எழுதுகிறவர் அபூர்வம். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பாட்டி சொன்ன கதை, வாத்தியார் சொன்ன வருஷத்தைவிட நெடுநாள் நிற்கும்.

சிவகங்கை வேலு நாச்சியாருக்கு நியாயம் கொஞ்சம் தாமதமாகவேனும் கிடைத்தது. 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கும்பினிப் படையால் கொல்லப்பட்ட பின், திண்டுக்கல்லுக்கு அருகே விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்து, ஹைதர் அலியின் துணையைப் பெற்று, எட்டு வருஷம் காத்திருந்து 1780-ல் சீமையை மீட்டார். இந்திய சர்க்கார் அவருக்குத் தபால் தலை வெளியிட்டது 2008-ல்.

நவீன நாவலாசிரியர்கள் இந்த விஷயத்தில் முன்னோரைவிட எவ்வளவு தூரம் போனார்கள்? கல்கியின் 'தியாக பூமி'யைப் பாருங்கள். 1939-ல் கே. சுப்பிரமணியம் அதைப் படமாக்கியபோது தமிழ்நாடே திரண்டு போய்ப் பார்த்தது. கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரி, பிறகு செல்வம் கைக்கு வந்து உமாராணி ஆகிறாள். அப்போது கணவன் வந்து, 'மனைவி என்னோடு வாழ வேண்டும்' என்று வழக்குத் தொடுக்கிறான். அவளோ, 'வேண்டுமானால் நான் அவருக்கு ஜீவனாம்சம் தருகிறேன்' என்கிறாள். அந்தக் காலத்தில் இதைவிடப் பெரிய வெடிகுண்டு வேறில்லை. வெள்ளைக்கார சர்க்கார் அந்தப் படத்தைத் தடை செய்தது உண்மைதான். ஆனால் அவர்கள் பயந்தது அதிலிருந்த கதருக்கும் தேசியத்துக்கும். ஜீவனாம்சத்தைக் கண்டு பயந்தவர்கள் வீடுகளுக்குள் இருந்தார்கள்.

அதே ஆசிரியர் 1950-ல் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னில் இரண்டு பெண்களை வைத்து ராஜ்யத்தையே ஆட்டிவைக்கிறார். குந்தவையின் புத்தி கூர்மைக்கு ஈடாக அந்த நாவலில் ஓர் ஆண்மகன் கிடையாது. ஆனால் தனக்கென்று சிம்மாசனத்தை அவள் நினைப்பதே இல்லை. தம்பிக்காகவே அவள் சிந்திக்கிறாள். சிம்மாசனத்தில் உட்கார ஆசைப்படுகிறவள் நந்தினி. அவளோ விஷ நாகம். 'அதிகாரத்தை விரும்பாத பெண்ணிடம் அதிகாரம் இருந்தால் பாதகமில்லை. விரும்புகிற பெண் ஆபத்தானவள்' என்பது அதன் உட்கிடை. கதையின் சுவைக்கு நாமும் அடிமைதான், நாலைந்து தடவை படித்தவர்கள்தான். ஆயினும் நேயர்கள் ஒன்று யோசிக்க வேண்டும். அருள்மொழிவர்மன் சிம்மாசனத்தை மறுத்துத் தியாகம் செய்தான் என்பதற்காக, ராஜ்யத்தை விரும்பிய ஆண்களையெல்லாம் நாம் விஷ நாகங்கள் என்று எண்ணுகிறோமா? மெய்யான குந்தவையோ தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில், தம்பியாகிய ராஜராஜன் கொடுத்த கொடைகளை அடுத்து 'அக்கன்' கொடுத்தவை என்று, மன்னன் வாக்காலேயே இடம் பெற்றவள்.

பெண்களே எழுதியபோது விஷயம் வேறாக இருந்தது. ஐந்து வயதில் மணமாகிப் பள்ளிக்கூடமே காணாத வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தினார். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். மறியல் செய்து சிறையும் சென்றார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-ல் 'தாசிகள் மோசவலை' என்ற நாவலை, தாம் பிறந்த சமூகத்தின் இழிவை ஒழிக்கவே ஆயுதமாக எழுதினார். இவ்விருவரையும் இலக்கிய சரித்திரக்காரர்கள் வெகு காலம் அடிக்குறிப்பில் வைத்திருந்தனர்.

எல்லாவற்றையும் விடத் துணிச்சலான கதை சென்னையில் அச்சானது என்பது பலருக்குத் தெரியாது. கமலா சத்தியநாதன் அம்மையார் சென்னையில் 1901-ல் தொடங்கிய 'இந்தியன் லேடீஸ் மாகஸின்' பத்திரிகையில், 1905-ல், வங்காளத்து ரொக்கையா சகாவத் ஹுசேன் அம்மையார் 'சுல்தானாவின் கனவு' என்ற கதையை ஆங்கிலத்தில் எழுதினார். அந்தக் கனவு நாட்டில் ஆண்கள் எல்லோரும் கோஷாவில் இருக்கிறார்கள், பெண்கள் ஆள்கிறார்கள். சூரிய வெப்பத்தைப் பிடித்துச் சமையல் செய்கிறார்கள். மேகத்திலிருந்து நேரே தண்ணீர் இழுக்கிறார்கள். ஆகாய வண்டியில் போகிறார்கள். பகைவன் படையெடுத்து வந்து ஆண்களெல்லாம் தோற்றோடிய பிறகு, பெண்கள் பல்கலைக்கழகத்து மாணவிகள் சூரிய கிரணங்களைத் திருப்பிவிட்டு எதிரியை விரட்டுகிறார்கள். 'அபாயமற்ற பெண்களைப் பூட்டி வைத்துவிட்டு, அபாயமான ஆண்களை ஏன் அவிழ்த்துவிட்டிருக்கிறீர்கள்?' என்ற தொனி கதை முழுதும் கேட்கிறது. வேடிக்கையாக எழுதியதுதான். ஆனால் இதில் ஆளும் பெண்ணுக்குக் கடைசியில் அர்ஜுனன் வரவில்லை. வெற்றிலைப் பாபமும் இல்லை. கனவு கலைவதோடு கதை முடிகிறது.

அந்தக் கதை வெளிவந்த காலத்தில் புதுக்கோட்டையில் ஒரு பெண் கல்லூரியில் சேர முயன்றுகொண்டிருந்தாள். பெண் வந்து உட்கார்ந்தால் பையன்களின் ஒழுக்கம் என்ன ஆகும் என்று எதிர்ப்புக் கிளம்பிற்று. மகாராஜா அனுமதி கொடுத்தார். அவர்தான் 1912-ல் வைத்தியப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1921-ல் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்த சென்னை மாகாணத்தில், 1926-ல் சட்டசபைக்கு நியமனமாகி, மறு வருஷமே ஏகமனதாக உபதலைவரானார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபையேறிய முதல் பெண்மணி அவர். தேவதாசி முறையை ஒழிக்க அவர் பட்ட பாடு பிரசித்தம். அவரை எதிர்த்தவர்களில் சத்தியமூர்த்தியைப் போன்ற தேச பக்தர்களும் இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. 1930-ல் காந்தியடிகள் கைதானதும் அவர் பதவியை ராஜிநாமாச் செய்தார். மசோதா கிடப்பில் விழுந்தது, சட்டமானது 1947-ல். ஒரு தேசியக் கடமை மற்றொரு கடமையைப் பதினேழு வருஷம் தள்ளி வைத்தது. அந்தப் பதினேழு வருஷத்தில் பொட்டுக் கட்டப்பட்ட சிறுமிகளுக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

தேசிய இயக்கமும் பெண்களை முதலில் வாசலில்தான் நிறுத்தியது. தண்டி யாத்திரையில் மகாத்மாவுடன் புறப்பட்ட 78 தொண்டர்களில் ஒருவர்கூடப் பெண் இல்லை. ஆனால் இரண்டே மாதத்தில், தலைவர்கள் சிறைப்பட்டதும், தாராசனா உப்பளத்தில் தலைமை தாங்கி நின்றவர் சரோஜினி தேவி. வேதாரண்யத்தில் உப்பெடுத்துச் சிறை சென்ற ருக்மிணி லட்சுமிபதி அம்மாள் 1937-ல் சட்டசபையில் உபசபாநாயகரானார். 1946-ல் சுகாதார மந்திரியானார். மாகாணத்தின் முதல் பெண் மந்திரி அவரே. இருபது வருஷ காலத்தில் சட்டசபை பெண்களுக்குக் கொடுத்த நாற்காலி இரண்டு தடவையும் 'உப' நாற்காலி என்பது கவனிக்கத்தக்கது.

தலைமைக்கு வந்துவிட்ட பெண்ணுக்கு நாம் இடும் பெயரும் ஒன்றே. அன்னி பெசன்ட், அன்னை பெசன்ட் ஆனார். தமிழ்நாட்டைப் பல தடவை ஆண்ட ஜெயலலிதா, 2016-ல் மறையும் வரையில் 'அம்மா'. ஆண் தலைவர்களுக்கும் 'அண்ணா' என்றும் 'தந்தை' என்றும் உறவு முறை உண்டே என்று நேயர்கள் கேட்கலாம். வாஸ்தவந்தான். 'பெரியார்' என்ற பட்டமும் 1938-ல் பெண்கள் மகாநாட்டில் வழங்கியதுதான். ஆனால் ஆண் தலைவருக்கு அறிஞர், தளபதி, மூதறிஞர், பெருந்தலைவர் என்று வேறு பெட்டகமும் திறந்திருக்கிறது. பெண்ணுக்குத் தாய்மை ஒன்றே சிம்மாசனம்.

இனி, மூன்றில் ஒரு பங்குக்கு வருவோம். 1992-ல் நிறைவேறி 1993-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம், பஞ்சாயத்துக்களில் மூன்றில் ஒரு பங்கு ஸ்தானத்தையும் தலைமைப் பதவியையும் பெண்களுக்கு ஒதுக்கியது. மதுரை மீனாட்சிக்குக் கிடைத்த அதே பங்கு! தமிழ்நாடு 2016-ல் அதைப் பாதியாக உயர்த்தியது. 'தலைவி பெயருக்குத்தான், நாற்காலியில் உட்கார்வது புருஷன்' என்ற ஏளனம் உடனே எழுந்தது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் முழு உண்மை எது என்று கிராமத்துக்கே போய் அளந்து பார்த்தவர்கள் உண்டு.

வங்காளத்தின் பீர்பூம் ஜில்லாவில் எந்தப் பஞ்சாயத்துத் தலைமை பெண்ணுக்கு என்பது ஆளைப் பார்த்துத் தீர்மானிக்கப்படாமல், குலுக்கிப் போட்டதைப்போல் அமைந்தது. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க வசதி. ராகவேந்திர சட்டோபாத்தியாயரும், பின்னால் 2019-ல் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோவும் 2004-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பெண் தலைவர் உள்ள ஊர்களில் குடிதண்ணீருக்குச் செலவு அதிகம் என்று கண்டார்கள். தண்ணீர்க் குடம் யார் இடுப்பில் இருக்கிறதோ அவருக்குத்தானே அதன் பளு தெரியும்? வினோதம் என்னவென்றால், பிறிதொரு ஆராய்ச்சியில், பெண் தலைவர்களின் ஊர்களில் தண்ணீர் வசதி குறைவின்றி, சற்று மேலாகவே இருந்தும், ஜனங்களின் திருப்தி மட்டும் குறைவாகவே இருந்தது. குழாயில் தண்ணீர் வருகிறது. குடிக்கிறவர் முகத்தில்தான் சுளிப்பு.

2009-ல் வெளிவந்த ஆராய்ச்சி இன்னும் ருசிகரமானது. கிராமத் தலைவர் பேசுவதாக ஒரே பிரசங்கத்தை ஒலிப்பதிவு செய்து, சிலருக்கு ஆண் குரலிலும் சிலருக்குப் பெண் குரலிலும் போட்டுக் காட்டினார்கள். சொல் ஒன்றுதான், பொருள் ஒன்றுதான். பெண் தலைவரையே பார்த்திராத ஊர்களில், பெண் குரலுக்கு ஆண்கள் குறைந்த மார்க்குப் போட்டார்கள். ஏற்கெனவே ஒரு பெண் ஆண்டு பார்த்த ஊர்களில் அந்தக் குறைவு மறைந்துவிட்டது. 'தலைவராக யார் வேண்டும்?' என்று நேரே கேட்டால் மட்டும் அங்கேயும் ஆணையே விரும்பினார்கள். அதாவது, 'பெண்ணுக்குத் திறமை இல்லை' என்ற எண்ணம் போயிற்று. 'பெண் வேண்டாம்' என்ற ருசி போகவில்லை. நம் கல்யாண வீட்டுச் சிரிப்பு இந்த இரண்டாவது இனத்தைச் சேர்ந்தது என்று நினைக்கிறோம்.

இரண்டு தடவை பெண் தலைவர் அமைந்த ஊர்களில் இன்னும் சில மாறுதல்கள் தோன்றின. ஒதுக்கீடு இல்லாத பொது ஸ்தானங்களுக்கும் பெண்கள் துணிந்து நின்றார்கள், ஜயித்தும் வந்தார்கள். 2012-ல் வெளியான கணக்குப்படி, அவ்வூர்களில் தங்கள் பெண்ணின் எதிர்காலத்தைப் பற்றிப் பெற்றோர் கொண்ட ஆசைக்கும், பிள்ளையைப் பற்றிய ஆசைக்கும் இருந்த இடைவெளி சுருங்கியிருந்தது. பெண் குழந்தைகள் வீட்டு வேலையில் கழிக்கும் நேரமும் குறைந்திருந்தது. கதையும் பாட்டும் நூற்றாண்டுக் கணக்கில் கட்டிவைத்த முடிச்சு, பத்து வருஷத்தில் இவ்வளவு தளர்ந்ததே பெரிது.

பாராளுமன்றத்துக்கும் மாகாணச் சட்டசபைகளுக்கும் இதே மூன்றில் ஒரு பங்கை வழங்கும் 106-ஆவது திருத்தம் 2023 செப்டம்பரில் இரு சபைகளிலும் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவர் கீழ்ச்சபையில் இரண்டே பேர், மேல்சபையில் ஒருவருமில்லை. ஒதுக்கீடு பதினைந்து வருஷத்துக்கு என்று சட்டத்தில் கண்டிருந்தது. ஆனால் அடுத்த ஜனத்தொகைக் கணக்கு எடுத்து, அதன்படி தொகுதிகளைத் திருத்தி வகுத்த பின்புதான் தொடங்கும் என்றும் கண்டிருந்தது. அந்தக் கணக்கை எப்போது எடுப்பது, தொகுதிகளை எப்போது வகுப்பது என்பதற்கு, நிறைவேறிய சட்டத்தில் தேதி எதுவும் போட்டிருக்கவில்லை.